திருகோணமலையில் தம்பியின் கல்லறை, பத்துப் பவுண் தாளில் அக்காவின் முகம்

திருகோணமலையில், பிரெட்ரிக் கோட்டைக்கு அண்மையில், பிரித்தானியர் காலத்துப் பழைய மயானம் ஒன்று இருக்கிறது. அங்கே அடக்கம் செய்யப்பட்டவர்களில் ஒருவர் கடற்படைத் தளபதி சார்ள்ஸ் ஒஸ்டின். ஆங்கில நாவலாசிரியர் ஜேன் ஒஸ்டினின் தம்பி.

ஜேன் 1775 டிசெம்பர் 16 இல் இங்கிலாந்தின் ஸ்டீவன்டன் கிராமத்தில், ஒரு பாதிரியாரின் வீட்டில் பிறந்தார். எட்டுப் பிள்ளைகளில் இருவர் மட்டுமே பெண்கள்: மூத்தவர் கசண்ட்ரா, இளையவர் ஜேன். கடைக்குட்டி சார்ள்ஸ் 12 வயதிலேயே கடற்படைப் பயிற்சிக்குப் போய்விட்டார். 1801 இல், எதிரிக் கப்பலைப் பிடித்ததற்காகக் கிடைத்த பரிசுப் பணத்தில் இரண்டு அக்காமாருக்கும் புஷ்பராகச் சிலுவைகளும் தங்கச் சங்கிலிகளும் வாங்கினார். ஜேன் அதை மறக்கவில்லை. 1814 இல் வந்த மன்ஸ்பீல்ட் பார்க் நாவலில், கடற்படையில் இருக்கும் அண்ணன் தங்கைக்கு ஒரு சிலுவை கொடுக்கிறான்.

புகைப்படம் இல்லாத காலம் அது. கடலுக்குப் போகிறவர்களும் வீட்டில் இருப்பவர்களும் உள்ளங்கைக்குள் அடங்கும் நீர்வண்ண முகச் சித்திரங்களை வைத்திருந்தார்கள். அமெரிக்கக் கிராமங்களில் ஊர் ஊராக நடந்து இத்தகைய படங்களை வரைந்து பிழைத்த ஓவியர்களும் இருந்தார்கள். ஜேனுக்கு ஓவியர் யாரும் வரவில்லை. 1810 அளவில் அக்கா கசண்ட்ராவே வரைந்தார். ஏறத்தாழ 11 சென்ரிமீற்றர் உயரமும் 8 சென்ரிமீற்றர் அகலமும் கொண்ட தாள். முகத்தில் மட்டும் வண்ணம். உடல் பென்சில் கோடுகளோடு நின்றுவிட்டது. கைகளைக் கட்டிக்கொண்டு, இறுகிய வாயுடன், பக்கவாட்டில் பார்க்கிறார் ஜேன்.

நாவல்களில் தன் பெயரைப் போடாமலே எழுதியவர், 1817 ஜூலை 18 இல் 41 வயதில் இறந்தார். வின்செஸ்டர் தேவாலயத்தில் உள்ள அவரது கல்லறைக் கல்லில் நாவல்களைப் பற்றி ஒரு வார்த்தைகூட இல்லை.

சார்ள்ஸ் 1850 இல் கிழக்கிந்திய, சீனக் கடற்படைப் பிரிவின் தளபதியானார். பர்மாவைப் பிடிக்க நடந்த இரண்டாவது போரில், 1852 ஒக்டோபர் 7 இல் ஐராவதி ஆற்றில் கப்பலில் வைத்து வாந்திபேதியால் இறந்தார். வயது 73. அந்தக் காலத்தில் பிரித்தானியக் கடற்படையின் தளமாக இருந்த திருகோணமலையில் புதைத்தார்கள்.

அக்கா வரைந்த சிறு படம், கசண்ட்ராவுக்குப் பின் சார்ள்ஸின் மகளிடம் போனது. 1869 இல் குடும்பத்தார் ஜேனின் வாழ்க்கை வரலாற்றை வெளியிட்டபோது, இந்த முகம் போதாது என்று தோன்றியிருக்க வேண்டும். வேறொரு ஓவியரைக் கொண்டு அதைப் பார்த்துப் புதிதாக வரைவித்தார்கள். வாயின் இறுக்கம் போனது, கண்கள் கனிந்தன. 2017 இல் இங்கிலாந்து வங்கி பத்துப் பவுண் தாளில் அச்சிட்டது அந்தத் திருத்திய முகத்தைத்தான். கசண்ட்ரா வரைந்த படம் லண்டன் தேசிய உருவப்படக் காட்சிக்கூடத்தில் இருக்கிறது.

அதே 2017 இல்தான் வடக்கிலும் கிழக்கிலும் காணாமல் ஆக்கப்பட்டவர்களின் தாய்மார் தொடர் போராட்டத்தில் அமர்ந்தார்கள். அவர்கள் கையில் இருந்தவையும் சிறு படங்களே. அடையாள அட்டைக்கு எடுத்தது, பாடசாலைக் குழுப்படத்திலிருந்து வெட்டியது, இடப்பெயர்வில் தண்ணீர் பட்டு ஓரம் கரைந்தது. அவற்றை ஸ்டூடியோவில் கொடுத்துப் பெருப்பிக்கிறோம். பிள்ளைக்குப் புதுச் சேர்ட் போடுகிறார்கள், பின்னால் நீல வானம் வைக்கிறார்கள், முகத்தை வெளிறச் செய்கிறார்கள். சுவரில் மாட்ட அது வேண்டும்தான். தாயின் ஆசையில் பிழை சொல்ல யாருக்கும் உரிமையில்லை.

ஆனால் பழைய சிறு படத்தை எறிந்துவிடாதீர்கள். பெயரையும் திகதியையும் தனித்தாளில் எழுதி அதனுடன் வையுங்கள், ஒரு பிரதி எடுத்து வேறொரு வீட்டிலும் வையுங்கள். தளபதிக்கு இங்கே கல்லறை இருக்கிறது. நம்மில் பலரின் பிள்ளைகளுக்கு அதுவும் இல்லை. அந்தச் சிறு படம்தான் சாட்சி.