அடிமை மகள் ஏற்றிய நெருப்பு: கில்டெயர் நகரப் புனித பிரிஜித்தம்மாள்

ஆண்டவர் கோவிலில் காணிக்கையாக ஒப்புக்கொடுக்கப்பட்ட திருநாளை ஆண்டுதோறும் பெப்ரவரி 2ஆம் நாள் கொண்டாடுகிறோம். அன்று மெழுகுதிரிகள் மந்திரிக்கப்படுகின்றன. மக்கள் அவற்றை ஏந்திப் பவனியாக வருகின்றனர். அதற்கு முந்திய நாளாகிய பெப்ரவரி 1ஆம் நாளும் ஒளியோடு தொடர்புடையதே. அது அயர்லாந்து நாட்டுப் புனித பிரிஜித்தம்மாளின் திருநாள். புனித பத்திரிசியார், புனித கொலும்பா ஆகியோருடன் அந்நாட்டின் மூன்று பாதுகாவலர்களுள் ஒருவராக அவர் போற்றப்படுகிறார்.

அயர்லாந்து எமக்கு முற்றிலும் அந்நிய நாடு அன்று. யாழ்ப்பாணம் புனித பத்திரிசியார் கல்லூரியில் அந்நாட்டு அமலமரித் தியாகிகள் சபைக் குருக்கள் எம்மவர் பிள்ளைகளுக்குக் கல்வி புகட்டினர். பிரிஜித் என்னும் பெயரும் எம் குடும்பங்களில் வழங்கும் பெயர்தான். ஆனால் இப்பெயரில் புனிதைகள் இருவர் உளர். சுவீடன் நாட்டுப் புனித பிரிஜித்தம்மாள் 1303ஆம் ஆண்டு முதல் 1373ஆம் ஆண்டு வரை வாழ்ந்தவர். அவரது திருநாள் யூலை 23. நாம் இங்கு காண இருப்பவர் அவருக்கு எண்ணூறு ஆண்டுகளுக்கு மேல் மூத்தவர்.

இவரைப் பற்றி இன்று ஒரு கேள்வி எழுந்துள்ளது. மேல்நாடுகளில் பலர் பிரிஜித்தைப் புனிதையாக அன்றி, பழைய கெல்த்திய மக்களின் பெண் தெய்வமாக எண்ணி வணங்குகின்றனர். புனிதை என்று ஒருவர் இருந்ததே இல்லை, அந்தத் தெய்வத்துக்கே திருச்சபை முக்காடு அணிவித்தது என்றும் சிலர் சொல்லுகின்றனர். இதற்கு நாம் என்ன விடை சொல்லுவது? முதலில் அவரது வாழ்க்கையைப் பார்ப்போம்.

பட்டியில் வளர்ந்த பிள்ளை

பிரிஜித் ஏறத்தாழ 451ஆம் ஆண்டில், அயர்லாந்தின் வடகிழக்குப் பகுதியிலுள்ள ஃபோகர்ட் என்னும் ஊரில் பிறந்தார் என்பது மரபு. தந்தை டுப்தாக் ஒரு குலத்தலைவர். தாய் புரொய்க்செக் அவர் வீட்டு அடிமைப் பெண். தலைவரின் மனைவி பொறாமை கொள்ளவே, கருவுற்றிருந்த அடிமைப் பெண் விற்கப்பட்டாள். இறுதியில் அவள் ட்ரூயிட் எனப்படும் பழைய சமயப் பூசகர் ஒருவரின் வீட்டைச் சென்றடைந்தாள். அங்கேதான் குழந்தை வளர்ந்தது. அடிமையின் பிள்ளையும் அடிமையே என்பது அக்கால வழக்கு.

அந்த வீட்டின் உணவு குழந்தைக்கு ஒவ்வவில்லை என்றும், செவிகள் சிவந்த வெள்ளைப் பசு ஒன்றின் பாலே அதனை வளர்த்தது என்றும் பழைய வரலாறுகள் கூறுகின்றன. வளர்ந்த பின் பிரிஜித்துக்குக் கிடைத்த வேலை பால் கறப்பதும் வெண்ணெய் கடைவதும்தான். கடைந்த வெண்ணெயை வீட்டாருக்கு என்று வைத்திராமல், வாசலுக்கு வந்த ஏழைகளுக்கெல்லாம் அள்ளிக் கொடுத்துவிடுவார். எசமானர் கணக்குக் கேட்க வந்தபோது, அவர் செபத்தினால் கலயம் மீண்டும் நிறைந்தது என்பர். இதைக் கண்டு வியந்த பூசகர் தாயை அடிமைத்தளையிலிருந்து விடுவித்ததோடு, தாமும் திருமுழுக்குப் பெற்றார் என்று அக்கதை முடிகிறது.

தந்தையின் வீட்டுக்குத் திரும்பிய பின்னும் அந்தக் கை மூடவில்லை. வீட்டுப் பொருள்கள் ஏழைகளிடம் போவதைப் பொறுக்க முடியாத டுப்தாக், மகளை லெயின்ஸ்டர் அரசனிடம் விற்றுவிட எண்ணித் தேரில் ஏற்றிச் சென்றார். வாளை அவரிடம் விட்டுவிட்டு, அரசனோடு பேச உள்ளே போனார். அவ்வேளை ஒரு தொழுநோயாளர் வந்து தருமம் கேட்டார். பிரிஜித்திடம் வேறொன்றும் இல்லை. மணிகள் பதித்த அந்த வாளையே எடுத்துக் கொடுத்துவிட்டார்! தந்தை சினந்தார். ஆனால் கிறிஸ்தவனாகிய அரசன், இந்தப் பெண்ணுக்கு விலை பேசும் தகுதி தனக்கு இல்லை என்று உணர்ந்தான். இவ்வாறு அவர் அடிமைத்தனத்திலிருந்து விடுதலை பெற்றார் என்று சொல்லப்படுகிறது.

ஓக் மரத்தடி ஆலயம்

திருமணத்தை மறுத்த பிரிஜித், வேறு சில கன்னியரோடு ஆயர் ஒருவரின் கையால் துறவற முக்காடு பெற்றார். பின்னர் பெரிய ஓக் மரம் ஒன்றின் அருகே ஒரு மடத்தை நிறுவினார். ஓக் மரத்து ஆலயம் எனப் பொருள்படும் கில் டாரா என்னும் ஐரிஷ் சொற்களே கில்டெயர் என்று வழங்குகின்றன. மடம் அமைக்க நிலம் கேட்டபோது அரசன் மறுத்தான் என்றும், தம் மேலாடை மூடுமளவு நிலம் போதும் என்று இவர் கேட்க, விரித்த ஆடை வெளியெங்கும் படர்ந்தது என்றும் மக்கள் கதை சொல்லுவர். அதுவே கரா என்னும் புல்வெளி என்பர். ஆடுகள் மேயும் பொது வெளியாக அது இன்றும் கிடக்கிறது.

கில்டெயரில் பெண்களுக்கும் ஆண்களுக்கும் தனித்தனித் துறவு இல்லங்கள் இருந்தன. பிரிஜித் மடத்தலைவியாக இருந்து ஆட்சி நடத்தினார். மறைப்பணிக்கு ஆயர் தேவைப்பட்டதால், தனிமையில் தவம் செய்துவந்த கொன்லெத் என்பவரை அழைத்து வந்தார். உலோக வேலையிலும் தேர்ந்த அவர், பீடத்துக்குரிய பாத்திரங்களைச் செய்தவர். அந்த ஆயரின் பூசை உடைகளைக்கூட பிரிஜித் ஏழைகளுக்குத் தானம் செய்துவிட்டார் என்று வரலாறு குறிக்கிறது. ஏறத்தாழ 524ஆம் ஆண்டு பெப்ரவரி முதலாம் நாள் அவர் இறைவனடி சேர்ந்தார்.

அவரது வாழ்க்கையை எழுதியவர்களுள் மிகப் பழையவர்களுள் ஒருவர், கில்டெயர் மடத்துத் துறவியான கொகிதோசுஸ். ஏறத்தாழ 650ஆம் ஆண்டில் இலத்தீன் மொழியில் எழுதிய இவர், பீடத்தின் இரு பக்கங்களிலும் பிரிஜித்தும் கொன்லெத்தும் அடக்கம் செய்யப்பட்டிருந்ததையும், கல்லறைகளின் மேல் பொன், வெள்ளி முடிகள் தொங்கியதையும் விவரிக்கிறார். பகைவருக்கு அஞ்சி ஓடி வருவோருக்கு அந்நகர் அடைக்கலமாக இருந்தது என்றும் அவர் குறிப்பிடுகிறார். இதனை நாம் நினைவில் வைத்திருப்போம்.

பெயர் ஒன்று, தெய்வமும் ஒன்று

கிறிஸ்தவம் வருமுன்பே ஐரிஷ் மக்கள் பிரிஜித் என்னும் பெண் தெய்வத்தை வணங்கினர் என்பதும் பதிவாகியுள்ளது. உயர்ந்தவள் என்பதே அப்பெயரின் பொருள். 908ஆம் ஆண்டில் இறந்த, அரசரும் ஆயருமாகிய கோர்மக் என்பவரின் பெயரால் வழங்கும் பழைய சொல்லகராதி அத்தெய்வத்தைப் பற்றிக் கூறுகிறது. தாக்டா என்னும் தெய்வத்தின் புதல்வியர் மூவர், மூவருக்கும் பெயர் பிரிஜித். ஒருத்தி புலவர்களுக்குரியவள். மற்றவள் நோய் தீர்ப்பவள். மூன்றாமவள் கொல்லருக்குரியவள். பெப்ரவரி முதலாம் நாளும் பழைய காலத்தில் இம்பொல்க் என்னும் விழா நாள். பனி குறைந்து, ஆடுகள் பால் சுரக்கத் தொடங்கும் பருவம் அது.

பெயர், பால், நெருப்பு, நாள் ஆகிய யாவும் ஒத்திருப்பதால், தெய்வமே புனிதையாக மாற்றப்பட்டாள் என அறிஞர் சிலர் கருதுகின்றனர். வேறு சிலரோ, உண்மையில் வாழ்ந்த ஒரு மடத்தலைவியின் மீது அதே பெயருடைய தெய்வத்தின் கதைகள் படிந்தன என்கின்றனர். ஒன்றைக் கவனிக்க வேண்டும். புனிதையின் வரலாறு 650ஆம் ஆண்டளவிலேயே எழுதப்பட்டுவிட்டது. அயர்லாந்தின் தெய்வத்தைப் பற்றிய மேற்கண்ட குறிப்போ அதற்கு இரண்டரை நூற்றாண்டுகள் பிந்தியது. அதனை எழுதிக் காத்து வைத்தவர்களும் கிறிஸ்தவத் துறவிகளே.

பழைய நம்பிக்கைகளைத் திருச்சபை எப்போதும் இடித்துத் தள்ளியதில்லை. 601ஆம் ஆண்டில் திருத்தந்தை பெரிய கிரகோரியார் இங்கிலாந்துக்கு அனுப்பிய பணிப்பில், பழைய கோவில்களை அழிக்காமல் புனிதப்படுத்தி உண்மைக் கடவுளின் வழிபாட்டுக்கு ஆக்கிக்கொள்ளுமாறு சொன்னார். தண்ணீர் அதே தண்ணீர்தான். மந்திரித்த பின் அது தீர்த்தம்.

அணைந்ததும் மீண்டும் எரிந்ததும்

கில்டெயரில் ஒரு நெருப்பு இரவு பகலாகக் காக்கப்பட்டு வந்தது. 1180களில் அயர்லாந்து சென்ற ஜெரால்டு என்னும் வேல்ஸ் நாட்டுக் குருவானவர் அதனைப் பற்றி எழுதியிருக்கிறார். பத்தொன்பது கன்னியர் ஒவ்வோர் இரவும் முறைவைத்து அதனைக் காப்பார்கள். இருபதாம் இரவில் விறகை அருகே வைத்துவிட்டு, அன்றைய முறை பிரிஜித்தம்மாளுடையது என்று சொல்லிச் சென்றுவிடுவார்கள். எவ்வளவு விறகு எரிந்தாலும் சாம்பல் பெருகுவதில்லை என்றும் அவர் எழுதினார். பதினாறாம் நூற்றாண்டில் மடங்கள் ஒடுக்கப்பட்டபோது அந்நெருப்பு அணைந்தது.

அவரது திருப்பண்டங்களும் அலைந்தன. கடற்கொள்ளையருக்கு அஞ்சி அவை டவுன்பற்றிக் நகருக்குக் கொண்டு செல்லப்பட்டன. தலைப்பகுதியை ஐரிஷ் வீரர் மூவர் 1283ஆம் ஆண்டளவில் போர்த்துக்கல் நாட்டுக்குக் கொண்டு சென்றனர் என்பது மரபு. லிஸ்பன் நகரின் லுமியார் ஆலயத்தில் அது வணங்கப்படுகிறது. மன்னாரை 1560இல் கைப்பற்றிக் கோட்டை கட்டிய போர்த்துக்கேயரின் தலைநகரும் அந்த லிஸ்பனே.

ஆயினும் வீடுகளில் பக்தி அணையவில்லை. பெப்ரவரி முதலாம் நாளுக்கு முந்திய மாலையில் ஐரிஷ் மக்கள் கோரைப்புல்லால் சிலுவை பின்னி வாசலுக்கு மேல் செருகி வைப்பார்கள். சாகுந்தறுவாயில் இருந்த ஒரு தலைவனுக்கு, தரையில் பரப்பியிருந்த கோரையை எடுத்துச் சிலுவை பின்னி, பிரிஜித் மறையுண்மையை விளக்கினார் என்னும் கதையே இதற்கு அடிப்படை. குருத்து ஞாயிறன்று ஓலையில் சிலுவை பின்னி, அடுத்த விபூதிப் புதன் வரை சுவரில் செருகி வைக்கும் எம் வழக்கத்துக்கு இது எவ்வளவு நெருக்கமானது!

1993ஆம் ஆண்டில் பிரிஜித்தம்மாள் சபைக் கன்னியர் கில்டெயர் சந்தைச் சதுக்கத்தில் அந்நெருப்பை மீண்டும் ஏற்றினர். இன்றும் அதனைத் தங்கள் இல்லத்தில் காத்து வருகின்றனர். 2023ஆம் ஆண்டு முதல் அயர்லாந்தில் அவரது நாளை முன்னிட்டு அரச விடுமுறையும் உண்டு. கில்டெயருக்கு வருவோருள் செபமாலையோடு வரும் கத்தோலிக்கரும் உளர், தெய்வத்தைத் தேடி வருவோரும் உளர், இயற்கையைப் பேண விரும்புவோரும், பெண்களின் மேன்மையை நாடுவோரும் உளர். அனைவரும் ஒரே நெருப்பின் முன் நிற்கின்றனர்.

மருதமடுவில் நாம் கண்டது

இந்தக் காட்சி மன்னார் மக்களாகிய எமக்குப் புதியதன்று. 1670ஆம் ஆண்டில் ஒல்லாந்தரின் கெடுபிடிக்கு அஞ்சி, மாந்தையிலிருந்து இருபது கத்தோலிக்கக் குடும்பங்கள் மாதாவின் திருச்சுரூபத்தைச் சுமந்து காட்டுக்குள் புகுந்தன. அங்கிருந்தே மருதமடுத் திருப்பதி தோன்றியது. 1924 யூலை 2ஆம் நாள் அச்சுரூபத்துக்கு முடி சூட்டப்பட்டது. அக்காட்டு வழியே கத்தோலிக்கர் மட்டுமா வந்தனர்? சைவ மக்களும் வந்தனர். சிங்கள பௌத்தரும் வந்தனர். அவர்களுள் பலர் மடு அன்னையைத் தாம் அறிந்த பத்தினித் தெய்வத்தின் பெயரால் எண்ணி வணங்கினர். தமிழர் கண்ணகி என்று போற்றும் தெய்வமே அது. பாம்புக்கடிக்கு மருந்தாக மடு மண்ணை எடுத்துச் செல்லும் வழக்கமும் எல்லாருக்கும் பொதுவாயிற்று.

அதனால் மாதா மாதாவாக இல்லாமற் போனாரா? இல்லை. வந்தவரை எவரும் வழிமறித்து, நீ எந்தப் பெயரால் அழைக்கிறாய் என்று கேட்கவில்லை. அதேவேளை எம் முன்னோர் தங்கள் விசுவாசத்தையும் மாற்றிக்கொள்ளவில்லை. கில்டெயரைப் போலவே மடுவும் அடைக்கல நகராயிற்று. போர்க்காலத்தில் ஆயிரக்கணக்கானோர் அங்கே தஞ்சம் புகுந்தனர். 1999 நவம்பரில் அந்த வளாகத்திலேயே எறிகணை வீழ்ந்து பலர் மாண்டனர். 2008 ஏப்ரலில் மாதாவின் சுரூபமே அகதியாகித் தேவன்பிட்டிக்குச் சென்றது. அந்நாள்களில் பசியோடு வந்தவரின் சமயத்தை யார் விசாரித்தார்கள்?

ஆகவே பிரிஜித்தம்மாளைப் பற்றிய கேள்விக்கும் இங்கேயே விடை உண்டு. நாம் தெய்வப் பெண்ணை வணங்குவதில்லை. கடவுள் ஒருவரையே ஆராதிக்கிறோம், புனிதரின் மன்றாட்டைக் கேட்கிறோம். இதில் மயக்கம் வேண்டாம். ஆனால் பிறர் அப்பெயரில் வேறொன்றைக் காண்பதால் நாம் சினக்கவோ அஞ்சவோ தேவையில்லை. பிற சமயங்களில் உண்மையும் தூய்மையுமாக உள்ள எதனையும் திருச்சபை தள்ளிவிடுவதில்லை என இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965இல் தெளிவுபடுத்தியது.

பழைய தெய்வத்துக்குப் புலமையும் மருத்துவமும் கொல்வேலையும் உரியனவாயின. புனிதையை மக்கள் நினைவில் வைத்திருப்பதோ வேறொன்றுக்காக. கலயத்து வெண்ணெய், தந்தையின் வாள், ஆயரின் பூசை உடை என்று கையில் அகப்பட்டதையெல்லாம் இல்லாதவருக்குக் கொடுத்த அடிமை மகள் அவர். அந்தக் கொடை எந்தப் பழங்கதையிலிருந்தும் இரவல் வாங்கப்பட்டதன்று. அது நற்செய்தியிலிருந்து வந்தது.

எம் ஆலயங்கள் ஒவ்வொன்றிலும் நற்கருணைப் பேழையின் முன் ஓர் அணையா விளக்கு எரிகிறது. கில்டெயரில் பத்தொன்பது இரவுகள் கன்னியர் நெருப்பைக் காத்தனர். இருபதாம் இரவைப் புனிதையிடம் விட்டனர். எம் வீட்டு வாசலுக்கு வரும் ஏழையை வெறுங்கையாக அனுப்பாத நாளெல்லாம், அந்த நெருப்பைக் காக்கும் முறை எமக்கும் வந்திருக்கிறது என்று கொள்வோம். புனித பிரிஜித்தம்மாள் எம் குடும்பங்களுக்காக மன்றாடுவாராக.