கரும்புக்கு இனிப்பு தந்தவரா ஜானகி அம்மாள்? கோவையில் அவர் போட்ட கணக்கு என்ன?

இந்தியக் கரும்புக்கு இனிப்பைத் தந்தவர் என்ற பட்டம் இ.கே. ஜானகி அம்மாளைப் பற்றிய பதிவுகளில் தவறாமல் வந்துவிடும். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் வருஷத்தைப் பார்த்தால் கணக்கு இடிக்கிறது. கோவையின் புகழ்பெற்ற கலப்பினக் கரும்பான கோ 205 வெளிவந்தது 1918-ல். அப்போது ஜானகி ஆனர்ஸ் பட்டம்கூட வாங்கவில்லை. அவர் கோவைக்கு வேலைக்கு வந்தது 1934-ல்தான்.

அப்படியென்றால் அவர் செய்தது என்ன? கரும்பின் செல்லுக்குள் இருப்பதை எண்ணினார். அது சின்ன வேலையில்லை.

தலச்சேரியில் இருந்து மிச்சிகனுக்கு

1897 நவம்பர் 4-ல் தலச்சேரியில் பிறந்தார் ஜானகி. அன்று அது சென்னை மாகாணத்தின் மலபார் பகுதி. அப்பா இ.கே. கிருஷ்ணன் நீதித்துறை அதிகாரி. செடிகொடிகளில் ஆர்வம் உள்ளவர். சென்னை ராணி மேரிக் கல்லூரியிலும் மாநிலக் கல்லூரியிலும் படித்த ஜானகி, 1921-ல் தாவரவியலில் ஆனர்ஸ் முடித்தார். பிறகு மகளிர் கிறிஸ்தவக் கல்லூரியில் பாடம் நடத்தினார்.

ஆசியப் பெண்கள் அமெரிக்காவில் படிப்பதற்காக மிச்சிகன் பல்கலைக்கழகம் 1917 முதல் பார்பர் உதவித்தொகை வழங்கிவந்தது. அது ஜானகிக்கும் கிடைத்தது. 1925-ல் முதுகலைப் பட்டம் வாங்கி ஊர் திரும்பியவர், மறுபடியும் அங்கேயே போய் 1931-ல் டாக்டர் பட்டம் பெற்றார். இந்தியாவில் பெண்கள் பள்ளிக்கூடம் போவதே அபூர்வமாக இருந்த காலம் அது.

அவர் ஆய்வுக்கு எடுத்துக்கொண்டது, தக்காளி, கத்தரி குடும்பத்தைச் சேர்ந்த நிக்காண்ட்ரா என்ற செடியின் குரோமோசோம்கள். வேர் நுனியையோ பூ மொட்டையோ வெட்டியெடுத்து, சாயம் ஏற்றி, கண்ணாடித் தகட்டில் வைத்து, மைக்ரோஸ்கோப்பில் ஒவ்வொன்றாக எண்ண வேண்டும். கணினி கிடையாது. கண்ணும் கையும் பொறுமையும்தான் கருவி.

ஏன் கோவை?

நாடு திரும்பி திருவனந்தபுரத்தில் இரண்டு ஆண்டு பேராசிரியராக இருந்தார். 1934-ல் கோவை கரும்பு இனப்பெருக்க நிறுவனத்தில் மரபியலாளராகச் சேர்ந்தார்.

கரும்பு ஆராய்ச்சிக்கு ஏன் கோவை என்று கேட்கலாம். விவசாயி கரும்பைக் கரணை வெட்டித்தான் நடுவார். ஆனால் புது ரகம் வேண்டுமென்றால் பூ பூத்து, விதை பிடிக்க வேண்டும். வட இந்தியக் குளிரில் அது நடப்பது கஷ்டம். கோவை தட்பவெப்பத்தில் கரும்பு நன்றாகப் பூக்கும், விதையும் பிடிக்கும். அதனால்தான் 1912-ல் சார்லஸ் பார்பர் தலைமையில் இங்கே நிறுவனம் தொடங்கியது. பார்பரும் டி.எஸ். வெங்கட்ராமனும் தடித்த, இனிப்பான கரும்பை, கோவைப் பக்கம் தானாக வளரும் நாணலோடு கலந்தார்கள். அதில் பிறந்ததுதான் கோ 205. 'கோ' என்பது கோயம்புத்தூர்!

80-ம், அதற்கு மேலும்

நாணலில் இனிப்பே இல்லையே, அதைப் போய் ஏன் கலக்க வேண்டும்? ஏன்னா வறட்சி, குளிர், நோய் எல்லாவற்றையும் தாங்கும் முரட்டுத்தனம் அதில்தான் இருக்கிறது. இனிப்பு ஒரு பக்கம், உறுதி மறுபக்கம். இரண்டையும் சேர்த்து, பிறகு திரும்பத் திரும்ப இனிப்புக் கரும்போடு கலந்தால் இரண்டும் உள்ள ரகம் கிடைக்கும்.

ஆனால் செல்லுக்குள் இந்தக் கலப்பு சாதாரணமாக நடப்பதில்லை. மனிதனுக்கு 46 குரோமோசோம்கள். தாயிடமிருந்து பாதி, தந்தையிடமிருந்து பாதி. இனிப்புக் கரும்புக்கு 80. அது தாயாக இருந்து நாணலோடு சேரும்போது, பாதியைத் தராமல் பெரும்பாலும் 80-ஐயும் முழுசாகப் பிள்ளைக்குக் கொடுத்துவிடும். நாணலோ ஊருக்கு ஊர் வேறுபடும். 40-ல் இருந்து 128 வரை உண்டு. பார்வைக்கு ஒரே புல்தான், உள்ளே எண்ணிக்கை வேறு. எந்த நாணலைத் தேர்ந்தெடுப்பது என்பதற்கு இந்தக் கணக்கு தெரிந்தாக வேண்டும்.

இந்திய நாணல்களின் குரோமோசோம்களை எண்ணி, 1936-ல் ஆய்வறிக்கை வெளியிட்டார் ஜானகி. அதோடு நிற்கவில்லை. கரும்பை மக்காச்சோளம், சோளம் போன்ற வேறு புல்வகைகளோடும் கலந்து பார்த்தார். கரும்பு - மக்காச்சோளக் கலப்பு பற்றிய அவரது குறிப்பு 1938-ல் 'நேச்சர்' இதழில் வந்தது. அந்தப் பயிர் எந்த விவசாயியின் வயலுக்கும் வரவில்லை. ஆனால் கரும்புக்கு யார் யார் சொந்தம், அந்தச் சொந்தம் எவ்வளவு தூரம் போகும் என்பதைக் காட்டியது.

போன இடத்தில் போர்

ஆய்வு வளர்ந்தது, ஆனால் வேலைச் சூழல் சுமுகமாக இல்லை. கல்யாணம் செய்துகொள்ளாத பெண், அன்று பின்தங்கியதாகக் கருதப்பட்ட தீயர் சமூகத்தவர். உடன் வேலை பார்த்த ஆண்களோடு இதனால் உரசல் இருந்தது என்று அவரது வாழ்க்கையை எழுதியவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள்.

1939 ஆகஸ்டில் எடின்பரோவில் நடந்த சர்வதேச மரபியல் மாநாட்டுக்குப் போனார். இரண்டாம் உலகப் போர் மூண்டது. திரும்பவில்லை, இங்கிலாந்திலேயே தங்கி லண்டன் ஜான் இன்னஸ் நிறுவனத்தில் சேர்ந்தார். அங்கே சி.டி. டார்லிங்டனோடு சேர்ந்து அவர் உருவாக்கிய, பயிர்களின் குரோமோசோம் எண்ணிக்கைகளைத் தொகுத்த நூல் 1945-ல் வெளிவந்தது. பயிர் ஆராய்ச்சியாளர்கள் பல்லாண்டுகள் புரட்டிய நூல் அது. பிறகு விஸ்லி தோட்டத்தில் மக்னோலியா மரங்களை ஆராய்ந்தார். ஒரு மக்னோலியா ரகத்துக்கு இன்றும் அவர் பெயர்தான்.

திரும்பி வந்த பிறகு

நேருவின் அழைப்பை ஏற்று 1951-ல் நாடு திரும்பி, இந்தியத் தாவரவியல் ஆய்வகத்தைச் சீரமைக்கும் பணியில் இறங்கினார். 1955-ல் அமெரிக்காவின் பிரின்ஸ்டனில், மனிதன் பூமியை எப்படி மாற்றுகிறான் என்பது குறித்து நடந்த கருத்தரங்கில் கலந்துகொண்ட ஒரே பெண் அவர். 1977-ல் பத்மஸ்ரீ கிடைத்தது. கடைசிக் காலத்தில் சென்னைப் பல்கலைக்கழகத்தோடு இணைந்து மதுரவாயலில் ஆய்வு செய்தார். 80 வயதுக்குப் பிறகும் அமைதிப் பள்ளத்தாக்கு அணைக்கு எதிராகக் குரல் கொடுத்தார். 1984 பிப்ரவரி 7-ல் இறந்தார். அதே ஆண்டு நவம்பரில் அமைதிப் பள்ளத்தாக்கு தேசியப் பூங்கா ஆனது.

பட்டம் தப்பானால் என்ன?

நல்லவரைப் புகழ்வதில் என்ன தப்பு என்று தோன்றலாம். தப்பு இரண்டு இருக்கிறது. பார்பர், வெங்கட்ராமன் உழைப்பு மறைந்துபோகிறது. ஜானகியின் உழைப்பும்தான். ஏற்கெனவே நடந்த கலப்பு உள்ளே எப்படி நடக்கிறது என்று விளக்குவதும், அடுத்த கலப்புக்கு வழி காட்டுவதும் தனி அறிவு. இனிப்பு என்ற ஒற்றை வார்த்தையில் அது அடங்காது.

அவர் எண்ணிய நாணலுக்கு மதிப்பு குறையவில்லை. இன்று தமிழக வயல்களில் பரவலாக நிற்கும் கோ 86032 வரை, கோவைக் கரும்புகளின் உடம்பில் நாணலின் பங்கு இருக்கிறது. கரும்பும் அதன் காட்டுச் சொந்தங்களும் அடங்கிய உலகத் தொகுப்பு ஒன்றை, கோவை நிறுவனம் கண்ணூரில் உள்ள தன் மையத்தில் வளர்த்துவருகிறது. ஜானகி பிறந்த தலச்சேரி இருப்பதும் அதே கண்ணூர் மாவட்டத்தில்தான்.