கீசகனை அழித்தது யார்?

ஊட்டியில் 1967-ஆம் ஆண்டு ‘இந்து’ என்ற பெயரில் பிலிம் செய்யத் தொடங்கினார்கள். பிலிமுக்குத் தூசியும் ஆகாது, வெக்கையும் ஆகாது. ஆகவே மலையில் தொழிற்சாலை. இன்று அது மூடிக் கிடக்கிறது.

அதற்கு ஐம்பது ஆண்டு முன்பே பிலிமுக்காகக் குளிர்ந்த ஊரைத் தேடிப் போனார் ஒரு தமிழர். அவர்தான் ஆர். நடராஜ முதலியார். தென்னாட்டின் முதல் கதைப்படத்தை எடுத்தவர்.

கார் வியாபாரி

1885-ல் பிறந்த முதலியார் சென்னையில் மோட்டார் கார் வியாபாரம் செய்தார். ஆனால் மனம் சினிமாவில் போயிற்று. ஸ்டூவர்ட் ஸ்மித் என்ற வெள்ளைக்காரரிடம் காமிரா பிடிக்கக் கற்றார். சென்னை மில்லர்ஸ் ரோட்டில் ‘இந்தியா பிலிம் கம்பெனி’யைத் தொடங்கினார்.

எடுத்த படம் ‘கீசக வதம்’. பாஞ்சாலியிடம் வாலாட்டிய கீசகனைப் பீமன் கொன்ற கதை. சிறு பிள்ளைக்கும் தெரியும். படம் ஊமை, பேச்சை எழுத்தில் போட்டுக் காட்டினார்கள். நீளம் சுமார் 6,000 அடி.

சென்னை வெக்கையில் பிலிம் கழுவுவது பெரும்பாடு. மருந்து சூடேறினால் பிலிமின் மேற்பூச்சு இளகிவிடும். முதலியார் என்ன செய்தார்? பெங்களூரில் கழுவும் கூடம் வைத்தார்! 1918-க்குள் படம் வெளிவந்துவிட்டது. வசூலும் கிடைத்தது. பிறகு ‘லவ குசா’ முதலிய புராணப் படங்களை எடுத்தார்.

பஞ்சுக்குள் நெருப்பு

அந்தக் காலத்துப் பிலிம், பஞ்சை நைட்ரிக் அமிலத்தில் பதப்படுத்திச் செய்தது. வெடிமருந்துப் பஞ்சுக்குத் தாயாதி. பற்றிக்கொண்டால் தண்ணீருக்குள்ளும் எரியும். எரியத் தேவையான பிராணவாயு அதற்குள்ளேயே இருக்கிறது.

நெருப்பே படாமல் பெட்டியில் வைத்தாலும் சும்மா இராது. தானாகவே அமில ஆவி விடும். அந்த ஆவி பிலிமை மேலும் அரிக்கும். படம் மங்கும். சுருள் பிசுபிசுவென்று ஒட்டும், நுரைக்கும். கடைசியில் மிஞ்சுவது பழுப்புத் தூள்! குளிர்ந்த, ஈரமில்லாத அறையில் வைத்தால் பல்லாண்டு தாங்கும். குளிர் மட்டும் போதாது. ஊட்டி மூடுபனியின் ஈரமும் அதற்குப் பகைதான். சென்னையிலோ வெக்கையும் உண்டு, ஈரமும் உண்டு.

பின்னாளில் வந்த பிலிம் எளிதில் தீப்பிடிக்காது. ஆனால் அதுவும் நாளானால் காடி போலப் புளித்து நாறும்.

முதலியாரின் ஸ்டூடியோவில் தீப்பிடித்தது. மகனையும் பறிகொடுத்தார். 1923-ல் சினிமாவுக்கே முழுக்குப் போட்டார். ஓடி முடிந்த படத்தைப் பாதுகாக்க அந்நாளில் யாருக்குத் தோன்றியது?

1964-ல் புனேயில் தேசியத் திரைப்படக் காப்பகம் ஏற்பட்டது. அப்போது முதலியார் உயிரோடுதான் இருந்தார். ஆனால் ‘கீசக வதம்’ அங்கே போய்ச் சேரவில்லை. 1971-ல், 86-வது வயதில் அவர் காலமானார். அந்த 6,000 அடியில் ஓர் அடிகூட இன்றுவரை அகப்படவில்லை.