வ. உ. சிதம்பரம்பிள்ளை

வ. உ. சிதம்பரம்பிள்ளை (செப்டம்பர் 5, 1872 - நவம்பர் 18, 1936) இந்திய விடுதலைப் போராட்ட வீரரும், வழக்கறிஞரும், தமிழ்ப் புலவரும் ஆவார். வ. உ. சி. என்று சுருக்கமாக அறியப்படும் இவர், கப்பலோட்டிய தமிழன் என்ற சிறப்புப் பெயரால் பெரிதும் அறியப்படுகிறார். எனினும் வழக்கறிஞர் தொழிலும் செய்யுள் இயற்றுதலும் இவரது வாழ்வின் இரு முக்கியமான பகுதிகளாகும்.

பிறப்பும் தொழிலும்

அன்றைய திருநெல்வேலி மாவட்டத்தில் இருந்த ஒட்டப்பிடாரத்தில் உலகநாத பிள்ளை, பரமாயி அம்மாள் இணையருக்கு மகனாகப் பிறந்தார். தந்தையாரும் வழக்கறிஞரே. வ. உ. சி. திருச்சிராப்பள்ளியில் சட்டம் பயின்று, 1894-ல் பிளீடர் தேர்வில் வெற்றி பெற்று, மறு ஆண்டு ஒட்டப்பிடாரத்தில் தொழிலைத் தொடங்கினார். குற்றவியல் வழக்குகளில் சிறந்து விளங்கினார். ஏழைகளுக்காகக் கட்டணம் பெறாமலும் வாதாடினார். 1900-ல் தூத்துக்குடிக்குக் குடிபெயர்ந்தார்.

சுதேசிக் கப்பல்

தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையிலான கப்பல் போக்குவரத்து ஆங்கிலேய நிறுவனத்தின் கையில் இருந்தது. அதற்குப் போட்டியாக 1906-ல் சுதேசி ஸ்டீம் நாவிகேஷன் கம்பெனியை நிறுவினார். 1908-ல் தூத்துக்குடி கோரல் மில் தொழிலாளர் வேலைநிறுத்தத்தை முன்னின்று நடத்தினார். அதே ஆண்டு மார்ச்சு 12 அன்று கைது செய்யப்பட்டார்.

அரசுக்கு எதிராகப் பேசியதற்கும், சுப்பிரமணிய சிவாவுக்கு உதவியதற்கும் என நீதிபதி பின்ஹே இரு ஆயுள் தண்டனைகளை, அதாவது 40 ஆண்டுகளை விதித்தார். மேல்முறையீட்டில் தண்டனை குறைக்கப்பட்டது. நீதிமன்றத்தில் பிறருக்காக வாதாடிய வ. உ. சி., தண்டனையின் விளைவாக வழக்கறிஞர் சன்னதையும் இழந்தார். சுதேசிக் கப்பல் கம்பெனி 1911-ல் கலைக்கப்பட்டது.

சிறையில் செய்யுட்பணி

கோயம்புத்தூர், கண்ணனூர் சிறைகளில் அடைக்கப்பட்ட இவர், செக்கிழுத்தல் உள்ளிட்ட கடுமையான வேலைகளைச் செய்தார். அந்நிலையிலும் எழுத்துப் பணியை விடவில்லை. ஜேம்ஸ் ஆலன் எழுதிய நூலொன்றை மனம்போல வாழ்வு என்னும் பெயரில் தமிழாக்கினார். உடனிருந்த கைதிகளுக்கு அறம் உணர்த்தும் பொருட்டு மெய்யறிவு என்னும் வெண்பா நூலை இயற்றினார்.

மெய்யறம் என்னும் நீதிநூல் 125 அதிகாரங்களைக் கொண்டது. மாணவரியல், இல்வாழ்வியல், அரசியல், அந்தணவியல், மெய்யியல் என ஐந்து பகுதிகளாக அமைந்துள்ளது. திருக்குறளில் இவருக்கு இருந்த ஈடுபாட்டை இந்நூலில் காணலாம். நண்பர்களுக்கு எழுதியவையும் பிறவுமான தனிப்பாடல்கள் பாடல் திரட்டு என்னும் நூலாக 1915-ல் வெளிவந்தன. தம் வரலாற்றையும் உரைநடையில் எழுதாமல் அகவற்பாவிலேயே எழுதினார். அந்நூல் இவரது மறைவுக்குப் பின் 1946-ல் அச்சேறியது.

பிற்காலம்

1912 டிசம்பர் இறுதியில் விடுதலையானார். சன்னது இன்மையால் சென்னையிலும் கோவையிலும் வேறு வேலைகளைச் செய்து குடும்பத்தைக் காத்தார். வறுமையிலும் தமிழ்ப்பணி தொடர்ந்தது. திருக்குறள் அறத்துப்பாலை மணக்குடவர் உரையுடன் 1917-ல் பதிப்பித்தார். தொல்காப்பிய இளம்பூரணர் உரையையும் பதிப்பித்துள்ளார்.

பின்னர் ஈ. எச். வாலஸ் என்னும் ஆங்கிலேய நீதிபதியின் முயற்சியால் சன்னது திரும்பக் கிடைத்தது. அந்நன்றியை மறவாத வ. உ. சி. தம் மகனுக்கு வாலேசுவரன் எனப் பெயரிட்டார். கோவில்பட்டியிலும், பிறகு தூத்துக்குடியிலும் மீண்டும் வழக்கறிஞராகப் பணியாற்றினார். ஆயினும் முன்பிருந்த வருவாயும் வசதியும் மீளவில்லை. கடன்சுமையுடன் 1936 நவம்பர் 18 அன்று தூத்துக்குடியில் காலமானார்.

நினைவு

இவரது நூற்றாண்டையொட்டி 1972-ல் இந்திய அரசு அஞ்சல் தலை வெளியிட்டது. தூத்துக்குடித் துறைமுகத்துக்கு 2011-ல் இவரது பெயர் சூட்டப்பட்டது.