தொமேனிக்கோ ஸ்கார்லாட்டி

ஐரோப்பிய சங்கீத சரித்திரத்தில் 1685 ஆம் ஆண்டு சிறப்பு வாய்ந்ததோர் ஆண்டாகும். பாக், ஹாண்டல் என்னும் இரு பெரும் இசைப்புலவர் ஜெர்மனியிற் பிறந்த அவ்வாண்டிலேயே, அக்டோபர் 26 ஆம் நாள், இத்தாலியிலுள்ள நேப்பிள்ஸ் நகரில் தொமேனிக்கோ ஸ்கார்லாட்டி பிறந்தார். முன்னிருவர் பெயரை அறிந்த நம் மாணவருட் பலர் மூன்றாமவர் பெயரைக் கேட்டிரார். ஆயினும் அவர் இயற்றிய ஸொனாடா என்னும் சிறு உருப்படிகளை இன்று பியானோவிலும் கிதாரிலும், அவர் கண்டேயறியாத அக்கார்டியனிலுங்கூட வாசிக்கின்றனர். வாத்தியம் மாறும்போது, எந்தக் காலப்பிரமாணத்தில் வாசிப்பது, எந்தச் சுருதியில் வாசிப்பது என்னும் இரு வினாக்கள் எழுகின்றன. இவற்றை மனத்துட்கொண்டே அவர் வரலாற்றை ஈண்டு எழுதப் புகுகின்றோம்.

அவர் தந்தையார் அலெஸ்ஸாண்ட்ரோ ஸ்கார்லாட்டி இசைநாடகம் இயற்றுவதில் இத்தாலியெங்கும் புகழ்பெற்றவர். மைந்தர் 1701 இல், பதினாறு வயது நிரம்புமுன்னரே, நேப்பிள்ஸ் அரச ஆலயத்தில் ஆர்கன் வாசிப்பவராக அமர்ந்தார். 1705 இல் தந்தையார் அவரை வெனிஸ் நகருக்கு அனுப்பினார். பின்னர் ரோமாபுரியில், நாடுவிட்டு வந்து வாழ்ந்த போலந்து அரசியார் மரியா கசிமிராவினிடத்தும், அதன்பின் அர்ச். இராயப்பர் பேராலயத்திலும் ஊழியம் புரிந்து, 1719 இல் அப்பதவியை விட்டார். அதுகாறும் அவர் இயற்றியவை பெரும்பாலும் இசைநாடகங்களும் ஆலயப் பாடல்களுமே. அவை தந்தையார் சென்ற வழியிலேயே சென்றவை. முப்பத்து நான்காம் வயதில் அவர் இறந்திருப்பின், இக்கட்டுரையை எழுத நமக்குக் காரணம் இருந்திராது.

அவர் வாழ்வைத் திருப்பியது போர்த்துகல். லிஸ்பன் நகரில் ஐந்தாம் ஜான் மன்னர் தம் மகள் மரியா பார்பராவுக்கு ஆசிரியராக அவரை நியமித்தார். இளவரசி மிக்க திறமையுடைய மாணவி. 1729 இல் அவர் ஸ்பெயின் இளவரசர் பெர்டினாந்தை மணந்து சென்றபோது ஆசிரியரும் உடன்சென்றார். முதலில் செவில் நகரிலும், 1733 முதல் மாட்ரிட் நகரிலும், ஓரிரு பெருமக்களுக்கன்றிப் பிறர்க்குப் பெரிதும் தெரியாமலே எஞ்சிய வாழ்நாளைக் கழித்தார். ஒரு மாணவியின் பொருட்டு ஆசிரியர் ஒருவர் ஏறத்தாழ நாற்பது ஆண்டு உழைத்தமை இசைச் சரித்திரத்திற் காண்டற்கரியது. அவர் சூதாட்டக் கடனை அரசியாரே தீர்த்தார் என்று ஒரு செய்தியும் வழங்குகின்றது.

1738 இல் போர்த்துகல் மன்னர் அவருக்கு வீரப்பட்டம் அளித்தார். நன்றியறிதலாக முப்பது ஸொனாடாக்களை அச்சிட்டு அம்மன்னருக்கே உரிமையாக்கினார். ஆழ்ந்த புலமையை எதிர்பாராது கலையின் விளையாட்டையே எதிர்பார்க்குமாறு முன்னுரையில் வாசகரை வேண்டிக்கொண்டார். இன்று அவர் பெயரால் 555 ஸொனாடாக்கள் எண்ணப்பட்டுள்ளன. அவற்றுட் பெரும்பாலன ஒரே பகுதியாய், இரு பாதிகளாய் அமைந்தவை; முதற்பாதி ஒரு சுருதியில் தொடங்கி வேறொன்றிற் சென்று நிற்கும்; இரண்டாம் பாதி அலைந்து திரிந்து வீடு திரும்பும்.

இவை ஹார்ப்சிகார்டு என்னும் வாத்தியத்துக்கென எழுந்தவை. அதில் இறகின் முனை தந்தியை மீட்டும். ஒலி எழுந்தவுடனே தேயத் தொடங்கும். இக்குறையையே ஸ்கார்லாட்டி செல்வமாக்கினார். ஒன்றோடொன்று ஒவ்வாத சுரங்களைக் கொத்தாக ஒரே கணத்தில் அழுத்தச் செய்தார். ஸ்பெயின் நாட்டுக் கிதாரின் ஒலி அதில் தோன்றும். அன்றியும், இடக்கை வலக்கையைத் தாண்டி மேற்சுரத்தைத் தொட்டுத் திரும்பும் விந்தையிலும் அவருக்குத் தனி விருப்பம் இருந்தது.

1757 ஜூலை 23 இல் மாட்ரிட்டில் அவர் மறைந்தார். மறு ஆண்டு மரியா பார்பரா அரசியாரும் மறைந்தார். அவருக்கென எழுதப்பெற்ற ஏடுகள் பாடகர் பரினெல்லியைச் சேர்ந்து, பின்னர் வெனிஸ் நூல்நிலையத்தை அடைந்தன. அவை படியெடுப்போர் எழுதியவை. ஸ்கார்லாட்டி தம் கைப்பட எழுதிய ஸொனாடா ஒன்றேனும் எஞ்சவில்லை. ஆகவே, படியின் தலைப்பிலுள்ள 'அல்லெக்ரோ' போன்ற சொல்லும், அது நிற்கும் சுருதியுமே பெரும்பாலும் நமக்குற்ற சாட்சி. அச்சொல்லோ களிப்பைக் குறிக்குமேயன்றி நிமிடத்துக்கு இத்தனை தட்டு என்று கூறாது. காலத்தை அளக்கும் மெட்ரனோம் கருவிக்கு 1815 இல் தான் உரிமை பெறப்பட்டது.

சாட்சி இத்துணைச் சிறிதாயிருக்கவும், பின்வந்தோர் அதனையும் மாற்றினர். 9 ஆம் எண்ணுள்ள டி மைனர் ஸொனாடாவைப் பத்தொன்பதாம் நூற்றாண்டுப் பியானோ வித்துவான் டௌசிக் ஈ மைனருக்கு உயர்த்தினார். 1906 முதல் அலெஸ்ஸாண்ட்ரோ லோங்கோ வெளியிட்ட பெரும் பதிப்பில், கடுஞ்சுரங்கள் சில பிழையென்று கருதித் திருத்தப்பட்டன. 1953 இல் வெளிவந்த ரால்ப் கிர்க்பாட்ரிக்கின் நூலோ, ஏடுகளில் ஒரே சுருதியுள்ள ஸொனாடாக்கள் இரண்டிரண்டாக அடுத்து நிற்பதை எடுத்துக்காட்டியது. அங்ஙனமாயின், இணையில் ஒன்றை மட்டும் வேறு சுருதிக்கு ஏற்றுவது இரட்டையரைப் பிரிப்பதாகும்.

இனி அக்கார்டியன். 1829 இல் வியன்னா நகரில் தெமியான் என்பவர் உரிமை பெற்ற இவ்வாத்தியம் நம்மவர் அறிந்த ஆர்மோனியத்துக்கு உறவு. துருத்திக் காற்றால் நாக்குகள் அதிர்ந்து ஒலிப்பது. இரு கைகளும் துருத்தியின் இரு புறத்தே கட்டுண்டிருத்தலின் ஒன்றையொன்று தாண்டுதல் இயலாது. சாதாரணக் கருவியின் இடப்புறப் பொத்தான்களிற் பல, ஆயத்தமாய் அமைந்த சுரக்கூட்டுகளையே ஒலிக்கும். ஸ்கார்லாட்டியின் தாவும் இடக்கைக்கு, ஒவ்வொரு பொத்தானும் தனிச்சுரம் தரும் அமைப்பே பொருந்தும். வலப்புறக் கட்டைகள் வழக்கமாக நாற்பத்தொன்றே. கீழே எட்டாத சுரத்துக்காகச் சுருதியை உயர்த்துவோர் உண்டு. அதனினும், எட்டாத சுரத்தை இடக்கைக்கு மாற்றிவிட்டுச் சுருதியைக் காப்பதே நேர்மை என்பது நம் கருத்து.

காலப்பிரமாணம் இதனினும் நுண்ணியது. ஒலி தேயாமையால் மெல்லியவற்றை அளவுக்கு மிஞ்சி இழுக்க ஆசை எழும்; தாழ்ந்த நாக்குகள் தாமதித்துப் பேசுதலின் விரைந்தவை மங்கும். 141 ஆம் எண்ணுள்ள டி மைனர் ஸொனாடாவில் ஒரே சுரம் மீண்டும் மீண்டும் அடுக்கி வரும். துருத்தியை நடுக்கி அதனை அக்கார்டியனில் வியப்புற வாசிக்கலாம். அவ்வியப்பிலேயே பலர் வேகத்துக்கு அடிமையாகின்றனர். தந்தியில் தாமே தேய்ந்து மறையும் கடுஞ்சுரக் கொத்துகள் காற்றில் அங்ஙனம் மறையா. வேகத்தைச் சற்றே தணித்து, அக்கொத்துகளை அழுத்திய கணமே விரலை எடுத்துவிடும் வாசிப்பே நமக்கு உவப்பாகின்றது.