யூத மறைக்கு உரை கண்ட ராஷி

மூலநூல் எத்துணைப் பெரிதாயினும் அதனைக் கற்பார்க்கு விளங்கச் செய்வார் இல்லையேல் அது ஏட்டளவிலேயே நின்றுவிடும். பரிமேலழகரும் நச்சினார்க்கினியரும் கைபிடித்து அழைத்துச் சென்றிராவிடின், தமிழ் பயிற்றும் நான் பழைய நூல்களின் வாயிலிலேயே நின்றிருப்பேன். அந்நன்றியுணர்வினாலேயே பிறமொழிகளில் உரைத்தொழில் செய்த பெரியோரின் வரலாறுகளையும் தேடிப் படித்து வந்துள்ளேன். அவற்றுள் என் உள்ளத்தில் ஆழப் பதிந்தது எபிரேய மொழியின் தலையாய உரையாசிரியராகிய ராஷி என்பாரின் வரலாறு.

ராஷி என்பது அவருடைய இயற்பெயரன்று. ரபி சலோமோ இட்சாக்கி என்னும் பெயரின் முதலெழுத்துகளைச் சேர்த்து யூதர் வழங்கிய குறுக்கம் அது. ஈசாக்கின் மகனாகிய ஆசிரியர் சலோமோன் என்பது அதன் பொருள். அவர் 1040 ஆம் ஆண்டில் பிரான்சு நாட்டின் வடபாலுள்ள சம்பாஞ் நிலப்பகுதியில், துரோவா என்னும் நகரிற் பிறந்தார். அந்நகர் வணிகச் சந்தைகளாற் பெயர்பெற்றது. ஆங்கு வாழ்ந்த யூதர் சிறு தொகையினரே. ராஷி திராட்சைத் தோட்டம் வைத்துப் பிழைத்தார் என்பது அம்மக்களிடையே வழிவழி வழங்கும் செய்தி.

அவருடைய பணியின் அருமையை உணர்தற்கு யூதரின் முன்னைய வரலாற்றைச் சிறிது அறிதல் வேண்டும். கி.பி. 70 இல் உரோமர் படை எருசலேம் ஆலயத்தை அழித்தது. அதனோடு பலியிடும் வழிபாடு நின்றது. கோயிலை இழந்த அம்மக்களுக்கு நூலே கோயிலாயிற்று. மோசேயின் ஐந்து நூல்களாகிய தோராவும், அதன் வழியே வாய்மொழியாக வந்த மரபுகளும் அவர்களை ஓரினமாகக் கட்டிக் காத்தன. அவ்வாய்மொழி மரபுகள் ஏறத்தாழக் கி.பி. 200 இல் மிஷ்னா என்னும் தொகுப்பாயின. அதன்மேல் பாபிலோனிய ஆசிரியர்கள் பல தலைமுறையாக நிகழ்த்திய ஆராய்ச்சிகள் பின்னர்த் தல்மூது என்னும் பெருங்கடலாகத் திரண்டன. ஓய்வுநாளில் எவ்வேலையைத் தவிர்த்தல் வேண்டும், பாஸ்கா விழாவிற் புளிப்பில்லா அப்பத்தை எவ்வாறு ஆக்குதல் வேண்டும், கூடாரப் பண்டிகையின் குடில் எத்துணை உயரம் இருத்தல் வேண்டும் என்பன போன்ற வினாக்களுக்கெல்லாம் விடை அக்கடலுள்ளேயே கிடந்தது.

ஆனால் அக்கடலில் இறங்குவது எளிதன்று. தல்மூதின் மொழி பெரும்பாலும் அரமேயம். அதில் உயிர்க்குறிகள் இல்லை, நிறுத்தக்குறிகளும் இல்லை. வினா எங்கே முடிகின்றது, விடை எங்கே தொடங்குகின்றது, பேசுபவர் வினவுகின்றாரா மறுக்கின்றாரா என்பதையெல்லாம் ஆசிரியர் வாயிலாகவே அறிதல் வேண்டும். ஆசிரியர் இல்லாத ஊரில் தல்மூது இருந்தும் இல்லாததே ஆகும்.

ஆதலின் இளைஞராகிய சலோமோன் ஆசிரியரைத் தேடி ஊர்விட்டுச் சென்றார். அக்காலத்தே றைன் நதிக்கரையிலுள்ள மைன்சு, வோர்ம்சு என்னும் நகர்களில் யூதக் கல்வி சிறந்து விளங்கியது. மைன்சில் யாக்கோபு பென் யாக்கார் என்பாரிடமும், அவருக்குப்பின் ஈசாக்கு பென் யூதா என்பாரிடமும், வோர்ம்சில் ஈசாக்கு ஹலேவி என்பாரிடமும் அவர் பாடங்கேட்டார். கற்றவற்றைக் குறித்துக்கொண்டு, ஏறத்தாழ முப்பது வயதளவில் துரோவாவில் தாமே ஒரு கல்விக்கழகத்தைத் தொடங்கினார். அவருக்கு யோகெவேத், மிரியாம், இராகேல் எனப் பெண்மக்கள் மூவர். மாணாக்கருள் இருவர் மருமக்களாயினர், பேரர்களும் மாணாக்கராயினர்.

ஆண்டு பலவாக ஆங்கு நடத்திய பாடமே அவருடைய உரையாயிற்று. தல்மூதின் பெரும்பகுதிக்கு அவர் தொடர்தொடராக உரை எழுதினார். அவ்வுரையின் தனிச்சிறப்பு சுருக்கமாகும். மாணாக்கன் தடுக்கி விழும் இடத்தை முன்னறிந்து, அவ்விடத்தில் இரண்டொரு சொல்லை வைத்துவிட்டு அவர் விலகிக்கொள்வார். தம் புலமையைக் காட்டுதற்கு ஒரு வரியும் எழுதினாரல்லர்.

எபிரேயத்தில் விளக்க இயலாத பொருள்களுக்குத் தம் வீட்டிலும் வீதியிலும் வழங்கிய பிரெஞ்சுச் சொல்லையே எபிரேய எழுத்தில் எழுதிவைத்தார். தொழிற்கருவி, செடிகொடி, ஆடையணி, உணவுவகை என அச்சொற்கள் பல ஆயிரம். பதினோராம் நூற்றாண்டுப் பிரெஞ்சு மொழியில் எழுந்த நூல்களுள் எஞ்சியவை மிகச் சிலவே. ஆதலின் அம்மொழியின் வரலாற்றை ஆராய்வோர் இன்று ராஷியின் உரையை நாடுகின்றனர். ஆர்சேன் தார்மெஸ்தெதேர் என்னும் பிரெஞ்சு மொழியறிஞர் 1888 இல் இறக்கும் வரை இச்சொற்களைத் தொகுப்பதிற் பேருழைப்புச் செய்தார். மாணாக்கனுக்கு விளங்குதற்பொருட்டு எழுதிய வீட்டுச்சொல் ஒரு பெருமொழியின் வரலாற்றுச் சான்றாகிவிட்டது.

தோராவுக்கு அவர் எழுதிய உரை இன்னும் பரந்த புகழ் பெற்றது. சொல்லின் நேர்ப்பொருளை முதலிற் காண்பதும், பண்டைக் கதைமரபுகளுள் அந்நேர்ப்பொருளுக்கு இயைபவற்றை மட்டும் எடுத்துக்கொள்வதுமே அவர் வகுத்துக்கொண்ட நெறி. யாத்திராகமத்தின் பன்னிரண்டாம் அதிகாரத்தில் பாஸ்கா விழாவுக்குரிய மாதத்தையே மாதங்களுள் முதலாகக் கொள்ளும்படி மோசேக்குக் கட்டளை பிறக்கின்றது. யூத மாதம் பிறையோடு தொடங்குவது. பிறை எவ்வளவு தோன்றினால் மாதம் பிறந்ததாகக் கொள்வது என்று மோசே மயங்கியதாகவும், இறைவன் வானத்துப் பிறையைச் சுட்டிக் காட்டியதாகவும் பழமரபு கூறும். அதனை ராஷி இரண்டொரு வரியில் எடுத்துரைக்கின்றார். மூலத்திலுள்ள இந்த என்னும் சுட்டுச்சொல் எதனைச் சுட்டுகின்றது என்ற இலக்கண ஐயமே அக்கதையை அவர் எடுத்தாள்வதற்குக் காரணம்.

இனி, ராஷியை நான் பெரிதும் மதித்தற்குக் காரணமாகிய ஓரிடத்தைச் சொல்லுவேன். ஆதியாகமத்தின் இருபத்தெட்டாம் அதிகாரத்தில் ஈசாக்கு தன் மகன் யாக்கோபைத் தாய்மாமனாகிய லாபானிடம் அனுப்புகின்றான். அங்கே ரெபேக்காளைக் குறிக்கும்போது யாக்கோபுக்கும் ஏசாவுக்கும் தாய் என்று மூலம் கூறுகின்றது. அவள் அவ்விருவர்க்கும் தாய் என்பது முன்னரே நன்கு தெரிந்தது. மறைநூலில் ஒரு சொல்லும் வீணாக வாராது என்பது அம்மக்களின் துணிபு. அவ்வாறாயின் இத்தொடர் இங்கு எதற்கு? ராஷி அவ்விடத்தில் எழுதியது, இது எமக்கு எதனைக் கற்பிக்கின்றது என்பதை யான் அறியேன் என்னும் கருத்துள்ள ஒரு சிறு தொடர் மட்டுமே.

அவர் எல்லாத் தொடர்க்கும் உரை எழுதினாரல்லர். இத்தொடரையும் விட்டுச் சென்றிருப்பின் கண்டுபிடிப்பார் எவருமிலர். அவர் புகழுக்கும் இழுக்கு வந்திராது. ஆயினும் இங்கே ஒரு வினா உண்டு, அதற்கு விடை என்னிடம் இல்லை என்று எழுதிவைத்தார். மௌனம் ஆசிரியனின் பெருமையைக் காக்கும். அறியேன் என்னும் சொல்லோ மாணாக்கனின் சிந்தனையைக் காக்கும். பின்வந்தோர் பலர் அவ்விடத்துக்கு விடைகாண முயன்றமைக்கு அச்சொல்லே வழிவிட்டது.

முதுமையிலும் அவர் இப்பண்பிற் குறைந்தாரல்லர். மூத்த மகள் வயிற்றுப் பேரராகிய சாமுவேல் நேர்ப்பொருள் காண்பதில் பாட்டனாரினும் கடுமை வாய்ந்தவர். அவர் பாட்டனாரோடு எதிர்நின்று வாதிட்டார். நாடோறும் புதியனவாகத் தோன்றும் நேர்ப்பொருள்களுக்கேற்பத் தாம் வேறு உரைகள் எழுத வேண்டியவரே எனினும், அதற்குக் காலம் வாய்க்கவில்லை என்று பெரியவர் பேரரிடம் ஒப்புக்கொண்டாராம். இச்செய்தியை அப்பேரரே தம் உரையிற் பதிந்து வைத்துள்ளார்.

ராஷியின் ஐம்பத்தாறாம் வயதில் பெருந்துன்பம் வந்தது. 1096 ஆம் ஆண்டில் எருசலேமை மீட்கப் புறப்பட்ட முதலாம் சிலுவைப்போர்க் கூட்டத்தாருட் சிலர் வழியிலிருந்த றைன் நதிக்கரை யூதர்மீது பாய்ந்தனர். பாஸ்காவுக்கும், தோரா அருளப்பட்ட நாளாகக் கொண்டாடப்பெறும் வாரங்களின் பண்டிகைக்கும் இடைப்பட்ட நாள்களில் வோர்ம்சிலும் மைன்சிலும் பல நூற்றுவர் மாண்டனர். வாளுக்கு முன்னர்த் தம் பிள்ளைகளைத் தாமே கொன்று மாய்ந்தாரும் உளர். ராஷி பயின்ற கல்விக்கூடங்கள் ஆசிரியரை இழந்தன. துரோவா தப்பியது.

உயிருக்கஞ்சி ஞானஸ்நானம் பெற்றோரும் பலர். 1097 இல் பேரரசன் நான்காம் ஹென்றி அவர்கள் தம் சமயத்துக்கு மீள இசைந்தான். ஆனால் உற்றாரை இழந்து நின்றோர் மீண்டுவந்தாரை ஏற்பதற்கு மனம் பொருந்துவது எளிதன்று. இத்தகையோரைப் பற்றிக் கேட்டவர்க்கு ராஷி விடையிறுத்தார். வாள்முனையில் தடுமாறியவரைத் தள்ளுதலாகாது, நாணச் செய்தலுமாகாது, குற்றஞ் செய்தவனும் இசுரவேலனே என்பது அவர் தீர்ப்பு. சொல்லின் நுண்பொருள் ஆய்ந்த அறிவு, உடைந்த உள்ளத்தின் நிலையையும் அளந்தறிந்தது.

1105 ஆம் ஆண்டு யூலை மாதத்தில் ராஷி மறைந்தார். தல்மூதின் மக்கோத் என்னும் பகுதிக்கு எழுதிய உரை இடையிலே நிற்கின்றது. தூயவராகிய எம் ஆசிரியரின் உயிர் தூய்மையோடு பிரிந்தது என்னும் கருத்துப்பட அங்கே ஒரு குறிப்பை வைத்து, எஞ்சியதை மருமகர் யூதா பென் நாதான் எழுதினார். பாபா பத்ரா என்னும் பகுதியைப் பேரர் சாமுவேல் முடித்தார். வேறொரு பேரராகிய யாக்கோபு முதலியோர் பாட்டனாரின் உரையைப் பல இடங்களில் தடைவிடைகளால் மறுத்து ஆராய்ந்தனர். அவர்கள் மறுத்ததும் அவர் தந்த விளக்கின் ஒளியிலேயே ஆம்.

பின்னும் இடர் ஓயவில்லை. 1242 இல் பாரிசு நகரில் தல்மூதின் ஏடுகள் வண்டி வண்டியாகக் கொண்டுவரப்பட்டு எரிக்கப்பட்டன. 1306 இல் அரசன் நான்காம் பிலிப்பு யூதரைப் பிரான்சினின்றும் துரத்தினான். ஆயினும் ஆசிரியரின் வாய்மொழி உரையாகிவிட்டமையால், சென்ற இடமெல்லாம் அது அவர்களோடு சென்றது. நிக்கொலாஸ் தெ லீரா என்னும் கிறித்தவத் துறவி அதனைத் தம் விவிலிய உரையில் எடுத்தாண்டார். அவர் வழியாக மார்ட்டின் லூதரும் அதன் பயனைப் பெற்றார். ஆண்டு குறிக்கப்பெற்று அச்சான எபிரேய நூல்களுள் முதலாவது, 1475 இல் இத்தாலியின் ரெஜியோ நகரில் வெளிவந்த ராஷியின் தோரா உரையே. அதற்கு வார்த்த எழுத்துவகை இன்றும் ராஷி எழுத்து எனப்படுகின்றது. அவரோ அவ்வெழுத்தை எழுதியவரல்லர். அச்சிட்ட தல்மூதின் ஏட்டில் மூலம் நடுவே நிற்க, ஒருபுறம் ராஷியும் மறுபுறம் பேரர் வழியினரும் நிற்கின்றனர்.

யூதர் தோராவை 54 பகுதிகளாக்கி, ஓய்வுநாள்தோறும் ஓதி, ஆண்டுக்கொருமுறை முடிப்பர். முடிக்கும் நாளே தொடங்கும் நாளுமாய்ச் சிம்காத் தோரா என்னும் விழாவாகும். வாரந்தோறும் அப்பகுதியை ராஷியின் உரையோடு படிப்பதும், சிறுவர்க்கு அவ்வுரையோடு பாடஞ்சொல்வதும் அவர்தம் வழக்கம். ஆகவே ஆண்டுதோறும் கார்காலத்து ஒரு வாரத்தில், எந்நாட்டிலிருப்பினும், அவர்கள் யாக்கோபின் பயணத்துக்கு வந்து சேர்கின்றனர். அங்கே மிகப் பெரிய ஆசிரியர் தமக்குத் தெரியாது என்று எழுதியதைச் சிறுவரும் முதியவரும் ஒருங்கே படிக்கின்றனர். பின்னர் அதற்கு விடை யாதாகலாம் என்று தம்முள் வினவத் தொடங்குகின்றனர்.