மாஸ்தி: ராஜினாமாவுக்குப் பின் 43 ஆண்டுகள்

சர்க்கார் உத்தியோகத்தில் இருந்தவர்களுக்கு மறக்க முடியாத வேதனை ஒன்று உண்டு. நம் கீழே வேலை பார்த்த ஜூனியர் ஒருவர் நம்மைத் தாண்டி மேலே போவதுதான் அது. முப்பது வருஷத்துக்கு மேல் அரசுப் பணியில் இருந்த நான், ரிட்டயர் ஆகிப் பல காலம் கழிந்தும் அதையே சொல்லிச் சொல்லி மாய்ந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். அதே அடி விழுந்தும் மனம் கசக்காமல் வாழ்ந்த ஒரு பெரியவரைப் பற்றி, நான் குடியிருக்கும் இந்தப் பெங்களூரிலிருந்து எழுதுகிறேன். அவர் மாஸ்தி வெங்கடேச ஐயங்கார்.

கோலார் ஜில்லாவில், வீட்டில் தமிழ் பேசும் ஒரு ஸ்ரீவைஷ்ணவ குடும்பத்தில் 1891 ஜூன் 6 அன்று பிறந்தார். மாஸ்தி என்பது அவர்களுடைய ஊரின் பெயர். 1914-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஆங்கில இலக்கியத்தில் எம்.ஏ. தேறினார். மைசூர் சிவில் சர்வீஸில் சேர்ந்து, பல ஊர்களில் பணியாற்றி, ஜில்லா அதிகாரி நிலைக்கு உயர்ந்தார். மகாராஜா அவருக்கு ‘ராஜசேவாசக்த’ என்ற பட்டத்தை அளித்துக் கௌரவித்தார்.

அடுத்து, மந்திரிக்குச் சமமான பதவி அவருக்கு வந்திருக்க வேண்டும். அது அவருக்கு ஜூனியரான ஒருவருக்குப் போயிற்று. 1943-இல் மாஸ்தி ராஜினாமா செய்தார். தமக்கு அநியாயம் என்று பட்டதை அந்த ஒரு கடிதத்தால் தெரிவித்துவிட்டார். அப்போது அவருக்கு வயது 52.

அதன்பின் அவர் முடங்கிப் போகாததற்குக் காரணம் என்ன? பிறவிக் குணம் என்று சொல்லி நாம் தப்பித்துக்கொள்ளலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அவருடைய தினசரிப் பழக்கங்களும் சிநேகிதர்களும், அடி விழுவதற்கு வெகுகாலம் முன்பே தயாராக இருந்தன. முதல் கதையை எழுதியது 1910-இல். அன்றாடம் ஃபைல் பார்க்கும் உத்தியோகத்துக்கு நடுவே, ‘ஸ்ரீநிவாச’ என்ற புனைபெயரில் விடாமல் எழுதிவந்தார். 1929-இல் பெல்காமில் கூடிய கன்னட சாகித்திய சம்மேளனத்துக்கு அவரே தலைவர். ஆகவே நாற்காலி போனபோது அவரிடமிருந்து போனது நாற்காலி மட்டும்தான்.

நான் பௌதிகம் படித்தவன். எஞ்சினில் ஃப்ளைவீல் என்று ஒரு கனமான சக்கரம் இருக்கும். விசை கிடைக்காத நொடியிலும், முன்பு சேர்த்துவைத்த வேகத்தால் அது எஞ்சினைச் சுழல வைக்கும். பழக்கமும் அப்படித்தான். ஆனால் சக்கரத்தை முன்கூட்டியே சுழற்றி வைத்திருக்க வேண்டும்.

அவர் வீடு கவிபுரத்தில், குகைக்குள் இருக்கும் கங்காதரேஸ்வரர் கோயிலால் பெயர் பெற்ற பேட்டையில். அங்கிருந்து மாலையில் கோட்டு, தொப்பி, குடையுடன் பஸவனகுடி கிளப்புக்கு நடந்து போவார். அங்கே நண்பர்களோடு சீட்டாடுவார். சீட்டாட்டமா என்று சிலர் முகம் சுளிக்கலாம். காசைவிட ஆட்களைத் தேடிப் போன பழக்கம் என்றே நான் அதைக் கொள்கிறேன். அந்த நடையும் கூட்டும் முதுமையிலும் தொடர்ந்தன.

தம்மைவிட இளையவர்களைத் தாங்கியதும் அவருடைய பழக்கம். வேலை கேட்டு வந்த ஜி.பி. ராஜரத்தினத்தைக் கன்னடப் பணிக்குத் திருப்பிவிட்டவர் அவர். கவிஞர் பேந்த்ரே கஷ்டப்பட்ட காலத்தில் துணை நின்றார். சக எழுத்தாளர்கள் அவரை மூத்த சகோதரராகவே பாவித்தார்கள். 1944-இல் ‘ஜீவன’ என்ற மாதப் பத்திரிகையின் ஆசிரியப் பொறுப்பை ஏற்று, 1965 வரை நடத்தினார். மாதாமாதம் இதழ் வர வேண்டிய மனிதருக்குப் பழைய ஆபீசை நினைத்து உட்கார நேரம் ஏது?

அவருடைய பெரிய நாவல்கள் இரண்டும் ராஜினாமாவுக்குப் பின் வந்தவை. முதலில் ‘சென்னபஸவ நாயக’ வெளிவந்தது. குடகின் கடைசி அரசரைப் பற்றிய ‘சிக்கவீர ராஜேந்திர’ 1956-இல் வந்தது. ராஜ்யத்தை இழந்த அந்தக் கொடுங்கோல் அரசரைக்கூட இரக்கத்தோடு எழுதியிருக்கிறார். கசந்த மனசுக்கு அது வராது. அந்த நாவலுக்கே 1983-ஆம் ஆண்டின் ஞானபீட விருது கிடைத்தது. விருது வரும்போது தொண்ணூறைத் தாண்டியிருந்தார். 1985-இலும் அவர் புத்தகம் ஒன்று வெளிவந்தது. 1986 ஜூன் 6, தமது 95-வது பிறந்த நாளன்றே காலமானார். தமிழ் பேசும் வீட்டில் பிறந்தவரை, கன்னடத்தின் ஆஸ்தி என்று கன்னடர்கள் இன்றும் கொண்டாடுகிறார்கள். அந்த ஜூனியரின் பெயரை எத்தனை பேர் நினைவில் வைத்திருக்கிறார்கள்?

மாஸ்தியின் எழுத்து வன்மை நமக்கு வராது. ஆனால் அவருடைய தினசரி அட்டவணை நமக்கும் எட்டக்கூடியதே. தினமும் ஒரு மணி நேரம் மனசுக்குப் பிடித்த வேலை, மாலையில் ஒரு நடை, போய்ச் சேரும் இடத்தில் நாலு நண்பர்கள், கைதூக்கிவிட ஓர் இளைஞர். இன்னும் உத்தியோகத்தில் இருக்கும் நம் அங்கத்தினர்களுக்கு என் வேண்டுகோள் இதுதான்: ஓய்வு பெறும் நாள்வரை காத்திராதீர்கள், இந்த வாரமே ஆரம்பியுங்கள்.